ஐந்துக்கு நான்கு

காலை ஆறு மணி நான்கு நிமிடம். தோட்டத்தில் பஸ் நின்றதும் நான் முதலில் கண்டது, மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒரு மனிதர் மழைக்குள் நின்று பிளாஸ்டிக் குழாய் ஒன்றைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்ததை. சட்டைப்பையிலிருந்து, பொலித்தீன் பைக்குள் சுற்றியிருந்த சிறிய கொப்பியை எடுத்தார். முதுகை மழைக்குக் காட்டிக் குனிந்து ஒரு எண்ணை எழுதினார். பிறகு குழாயைக் கவிழ்த்துத் தண்ணீரைத் தரையில் ஊற்றினார். கடைசித் துளியும் போகும்வரை இரண்டு தடவை உதறினார். வெறும் குழாயைத் திரும்பக் கம்பத்தில் மாட்டிவிட்டுப் போனார். மழை அதற்குள் விழுந்துகொண்டிருந்தது.

பஸ் கொண்டக்டர் என் பார்வையைக் கவனித்திருக்க வேண்டும்.

"புது டீச்சருங்களா? அவரு தோட்டத்து வாச்சர். மழைய அளக்குறாரு."

"இந்த நேரத்திலயா?"

"பெரட்டு நேரமுங்களே. இங்க மழைக்கும் பெரட்டுப் போடுறாங்க டீச்சர். நேத்து வந்த மழ நேத்தோட சரி, இன்னைக்குப் புதுசா வந்து பேர் குடுக்கணும்."

பஸ்ஸில் இருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பெரட்டு என்பது தொழிலாளர்கள் காலையில் கூடிப் பெயர் கொடுத்து, எந்த மலையில் என்ன வேலை என்று கேட்டுக்கொண்டு போவது. ஆறு மணிக்கு முடிந்துவிடும். பலாபத்வலையில் அறை எடுத்திருந்த எனக்கு, மாத்தளையிலிருந்து தோட்டத்துக்கு ஏறும் ஐந்தே கால் பஸ்ஸை விட்டால் அடுத்தது ஒன்பதுக்குத்தான். பாடசாலை ஏழரைக்குத் தொடங்கும். அதனால் எல்லா வேலை நாளும் பெரட்டு கலையும் நேரத்தில் அங்கே இறங்கினேன். எல்லா நாளும் அந்த மனிதர் அங்கே நின்றார். மழை இல்லாத நாளிலும் குழாயைத் தூக்கிப் பார்த்து, பூச்சியம் என்று எழுதிவிட்டுத்தான் போனார்.

அந்தக் கம்பம் எதற்கு என்று பாடசாலை அதிபர் சொன்னார். தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்களில் கடைசி லயத்துக்கு மேலே மலை செங்குத்தாக நிற்கிறது. முந்திய வருடம் அதில் ஒரு வெடிப்புக் கண்டதும் சில அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். லயத்தை வேறு இடத்துக்கு மாற்றவேண்டும் என்றார்கள். மாற்றும்வரைக்கும் மழைமானி ஒன்றை நட்டுவிட்டுப் போனார்கள். குழாயில் நூற்றைம்பது மில்லிமீட்டரில் ஒரு சிவப்புக் கோடு. இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால் லயத்துச் சனம் எல்லாம் கீழே பாடசாலைக்கு வந்துவிட வேண்டும். வாசிப்பதற்கு அந்தக் கடைசி லயத்திலேயே குடியிருந்த வாச்சரைப் பிடித்தார்கள். நகரத்தில் ஒரு நாள் பயிற்சி, ஒரு சோற்றுப் பார்சல், ஒரு மழைக்கோட்டு, கழுத்தில் மாட்ட ஒரு பிகில். கோட்டைத் தொட்டால் பிகிலை ஊதவேண்டியது அவர் பொறுப்பு.

"ரொம்பப் பொறுப்பான ஆளு டீச்சர். ஒரு நாளும் பிந்தினது இல்ல," என்றார் அதிபர்.

வாச்சருடைய மகள் என் வகுப்பில் இருந்தாள்.

நான் ஆசிரியத் தொழிலுக்குப் பிந்தி வந்தவள். அதற்கு முன் கொழும்பில் பதினொரு வருடம் ஒரு பத்திரிகையில் மற்றவர்கள் எழுதியதை வெட்டித் திருத்திக்கொண்டிருந்தேன். பத்திரிகை நின்றது. கணிதப் பட்டம் ஒன்று கையில் இருந்ததால் நியமனம் கிடைத்தது. தரம் ஐந்து, கணிதம், பத்தொன்பது பிள்ளைகள்.

அவர்களுக்குக் கணக்குச் செய்ய வந்தது. ஏன் அப்படிச் செய்தார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்ல வரவில்லை. முதல் கிழமை முந்நூற்றிரண்டிலிருந்து நூற்று நாற்பத்தேழைக் கழிக்கச் சொன்னேன். பத்தொன்பது பேரில் பதினாறு பேர் நூற்றைம்பத்தைந்து என்று சரியாக எழுதினார்கள். கீழே, எப்படி வந்தது என்று விளங்கப்படுத்தச் சொன்னேன். வந்த விடைகள் என்னிடம் இன்னும் இருக்கின்றன. "கழிச்சேன் வந்துச்சு." "போன வருச டீச்சர் இப்புடித்தான் சொன்னாங்க." "போன்ல போட்டாலும் இதான் வரும்." ஒரு பிள்ளை, "நான் காலையில் ரொட்டி சாப்பிட்டேன். பிறகு கணக்குச் செய்தேன்," என்று எழுதியிருந்தது.

பத்திரிகையில் எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. செய்தியை எழுதியவர் அல்லாத ஒருவர், ஒன்றும் தெரியாதவர்போல அதை வாசிக்க வேண்டும். அதையே வகுப்புக்குக் கொண்டுவந்தேன். ஒரு பிள்ளை விறாந்தையில் இருக்கும். மற்றது உள்ளே இருந்து கணக்கை எப்படிச் செய்வது என்று எழுதி அனுப்பும். வெளியே இருக்கிற பிள்ளை, தாளில் இருப்பதை மட்டும் அப்படியே செய்ய வேண்டும்.

முதல் நாள் ஒருவன், "பக்கத்து வீட்டில் ஒன்று வாங்கினேன்," என்று எழுதி அனுப்பினான். விறாந்தையில் இருந்த பிள்ளை தாளோடு உள்ளே வந்தது.

"டீச்சர், பக்கத்து வீட்டுல பூச்சியந்தான் இருக்கு. இல்லாத வீட்டுல எப்புடி வாங்குறது?"

"அப்ப அதுக்கு அடுத்த வீட்டுக்குப் போ!" என்றான் எழுதியவன்.

"அத எழுதலையேடா நீ."

"அறிவு இருந்தா தெரியும்."

"தாள்ல இருக்குறத மட்டுந்தான் செய்யணும்னு டீச்சர் சொல்லியிருக்காங்க. ஒன் அறிவ தாள்ல எழுதி அனுப்பு."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அடுத்த தாளில் அவன் மூன்று வீட்டையும் எழுதியிருந்தான்.

நான் வடக்கிலிருந்து வந்தவள். என் பேச்சு அவர்களுக்கு வேடிக்கை. "ஏன் பிள்ளை? சொல்லுங்கோ" என்று ஒரு பாடத்தில் எத்தனை தடவை சொல்கிறேன் என்று எண்ணி வைத்துக்கொண்டார்கள். நான் நடந்து போகும்போது பின்னால் "'ஏன் டீச்சர்' போறாங்க" என்று காதில் விழும். ஆனால் எழுதினார்கள். இரண்டு மாதத்தில் ரொட்டி போய்விட்டது. கரும்பலகையின் மூலையில் நான்கு வரிகள் நிரந்தரமாக இருந்தன. என்ன கேட்கப்பட்டது? என்ன செய்தேன்? அது ஏன் சரி? கேட்காததை எழுதாதே.

நாலாவது வரி என் பழைய தொழிலிலிருந்து வந்தது. அதற்கும் புள்ளி இருந்தது. ஐந்தில் ஒன்று விடைக்கு, மூன்று விளக்கத்துக்கு, கடைசி ஒன்று கேள்வியைத் தாண்டாமல் எழுதியதற்கு.

அளவைப் பாடம் வந்தபோது புத்தகத்தில் இருந்த உதாரணங்கள் எனக்குப் பிடிக்கவில்லை. தோட்டத்திலேயே ஒரு மனிதர் தினமும் மில்லிமீட்டரில் அளக்கிறார். வாச்சரின் மகளிடம், அப்பாவின் கொப்பியைப் பார்த்து ஒரு கிழமைக் கணக்கை எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். மறுநாள் கொண்டுவந்தாள். பத்து வயது. இரண்டாவது வாங்கில் சுவரோரம் இருப்பாள். குட்டையாகிப்போன பென்சிலைப் பேனாக் கூட்டுக்குள் செருகி எழுதுவாள். மெதுவாக எழுதுவாள்; மணி அடித்த பிறகும் எழுதிக்கொண்டிருப்பவள் அவள் ஒருத்திதான்.

கரும்பலகையில் அவளையே எழுத விட்டேன். ஞாயிறு பூச்சியம், திங்கள் 12, செவ்வாய் 9, புதன் 71, வியாழன் 88, வெள்ளி 6, சனி பூச்சியம். எல்லாம் காலை ஆறு மணி வாசிப்பு. என் கேள்வி இது: எந்த நாட்களில் மழை சிவப்புக் கோட்டைத் தாண்டியது? விளங்கப்படுத்துக.

ஒரு நாளும் இல்லை என்பது விடை. எல்லோரும் அதைத்தான் எழுதினார்கள். அவளும் எழுதினாள். பிறகு தொடர்ந்து எழுதியிருந்தாள்.

"ஒரு நாளும் தாண்டவில்லை. ஏனென்றால் எல்லா எண்ணும் 150 ஐ விடச் சிறியது. ஆனால் புதனும் வியாழனும் எழுதியது ஒரே மழை. அது செவ்வாய் பின்னேரம் ஐந்து மணிக்குத் தொடங்கி புதன் பகல் சோத்து நேரம்தான் விட்டது. நடுவில் ஆறு மணிக்கு அப்பா ஊற்றிவிட்டார். 71 உம் 88 உம் 159. அது கோட்டைத் தாண்டும். அப்பா போத்தலில் இருந்த தண்ணியைத்தான் ஊற்றினார். மலையில் இருந்த தண்ணியை யாரும் ஊற்றவில்லை."

கொப்பிகளை மதிய இடைவேளையில் ஆசிரியர் அறையில் வைத்துத் திருத்தினேன். கடைசி இரண்டு வாக்கியங்களையும் இரண்டு தடவை வாசித்தேன். அதிபருக்கு வாசித்துக் காட்டினேன்.

"அடேயப்பா, கவித மாதிரி இருக்கே," என்றார். "இந்தப் புள்ளைய தமிழ்த் தினப் போட்டிக்கு அனுப்பலாம் டீச்சர். கட்டுரை எழுத வைங்க."

நல்ல யோசனை என்றேன். போட்டிக்கு எந்தத் தலைப்புப் பொருந்தும் என்று கொஞ்ச நேரம் கதைத்தோம். தேநீர் வந்தது. பிறகு, "ஆனால்" என்ற சொல்லிலிருந்து கடைசி வரைக்கும் சிவப்புப் பேனையால் அடைப்புக்குறி போட்டு, பக்கத்தில் "கேள்வியில் கேட்கப்படவில்லை" என்று எழுதினேன். ஐந்துக்கு நான்கு. அதன் கீழே, "நல்ல மொழி நடை" என்றும் எழுதினேன்.

கொப்பியை வாங்கிய பிள்ளை வாங்குக்குப் போகவில்லை.

"டீச்சர், இது பிழைங்களா?"

"பிழை இல்லைப் பிள்ளை. நான் கேட்டது எந்த நாள் எண்டு. நீங்கள் அதுக்கு மேலயும் எழுதியிருக்கிறீங்கள்."

"கூட்டினது சரிங்களா?"

"கூட்டினது சரி."

"அப்பாக்கிட்டச் சொல்லவா?"

"வடிவாச் சொல்லுங்கோ."

மறுநாள் காலை, இடாப்புக் கூப்பிடுவதற்கு முன்னால் அவள் மேசையடிக்கு வந்தாள்.

"அப்பாக்குக் காட்டினேன் டீச்சர். அவருக்கு அவ்வளவா வாசிக்க ஏலாது. மார்க்க மட்டும் பாத்தாரு. 'அஞ்சுக்கு நாலுதான போட்டுருக்காங்க? முழுசா சரின்னா டீச்சர் எதுக்கு ஒன்னக் கொறைக்கிறாங்க? எங்கயோ பிழை இருக்கு. நீ பேசாமப் படி'ன்னாரு. அந்தச் செவப்புக் கோடு ஒரு நாளைக்குத்தான்னு டவுன்ல ஐயாமார் சொல்லிக் குடுத்தாங்களாம். ஒரு நாள்னா பெரட்டுலருந்து பெரட்டு வரைக்குமாம். ரெண்டு நாளக் கூட்டச் சொல்லி யாரும் சொல்லலையாம்."

"அம்மா என்ன சொன்னவ?"

"அம்மா சிரிச்சாங்க. 'அப்பனுக்கே பாடம் எடுக்குறியாடி'ன்னாங்க."

அவரோடு நான் கதைக்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். இதைச் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இடாப்பில் பேனையை வைத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னேன்.

அதற்குப் பிறகு எட்டு வேலை நாட்கள் அந்தப் பஸ்ஸில் வந்து இறங்கினேன். எட்டு நாளும் அவர் கம்பத்தடியில் நின்றார். நான் இறங்கும் இடத்துக்கும் கம்பத்துக்கும் இடையில் ஒரு தேயிலைப் பாத்தியும் தண்ணீர் ஓடும் ஒரு கானும்தான். அவர் கையை உயர்த்தி, "வணக்கம் டீச்சர்" என்பார். நானும் வணக்கம் சொல்வேன். புலமைப்பரிசில் பரீட்சைக்கு மாதிரித் தாள்கள் தயாரித்துக்கொண்டிருந்த நாட்கள். அன்றன்றைக்குப் பிரதி எடுக்கவேண்டிய தாள்கள் பையில் இருக்கும். மழை தூறும். குடை ஒரு கையில், பை மறு கையில். பாடசாலைக்குப் படி இறங்கிவிடுவேன்.

ஒன்பதாவது நாள் திங்கட்கிழமை. பின்னேரம் நான்கு மணிக்கு மழை தொடங்கியது. பஸ் மாத்தளைக்கு வந்து சேர ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. செவ்வாய் அதிகாலை ஐந்து மணிக்குப் பாடசாலைகள் மூடப்படுவதாகத் தொலைபேசிக்குச் செய்தி வந்தது. பலாபத்வலை அறையில் திரும்பப் படுத்துவிட்டேன்.

அதிபர் அழைத்தது காலை பதினொன்று இருபதுக்கு. மலை இறங்கியது பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது என்றார். கடைசி லயத்தில் மேற்குப் பக்கத்து நான்கு காம்பராக்கள், நான்கு வீடுகள், மண்ணுக்குள். வாச்சருடைய காம்பரா இரண்டாவது.

"யார் யார்?" என்று கேட்டேன். பழைய தொழிலில் முதலில் கேட்கும் கேள்வி அதுதான்.

இரண்டு பேரைத் தேடுகிறார்கள் என்றார். வாச்சரின் மனைவி ஒருவர். பக்கத்துக் காம்பராவில் தனியாக இருந்த முதியவர் ஒருவர். வாச்சரின் பிள்ளைகள் இரண்டும் பாடசாலை விறாந்தையில் இருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

வியாழக்கிழமைதான் நான் மேலே போக முடிந்தது. பஸ் பாதி வழியில் நின்றது. மிச்சம் மூன்று கிலோமீட்டர் நடந்தேன். மண் செங்கல் நிறத்தில் இருந்தது. லயத்தின் தகரங்கள் கீழ்த் தேயிலைக்குள் கிடந்தன. அவற்றில் ஒன்றின் மேல் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். இரண்டு பேரையும் புதன்கிழமை மத்தியானம் கண்டெடுத்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. கடைசி லயத்தின் மிச்சக் குடும்பங்களும் அடுத்த லயத்திலிருந்து இறக்கப்பட்டவர்களுமாகப் பதினொரு குடும்பங்கள் பாடசாலை மண்டபத்தில் இருந்தன. தரம் ஐந்தின் வாங்குகளைச் சேர்த்து அதன் மேல் சிறு பிள்ளைகளைப் படுக்க வைத்திருந்தார்கள்.

அவள் சுவரோரம் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பக்கத்தில் அவளுடைய புத்தகப் பை இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். நடந்ததை வரிசையாகச் சொன்னாள்.

"ஆறு மணிக்கு நானும் அப்பா கூடப் போனேன் டீச்சர். தொண்ணூத்தாறு இருந்துச்சு. ஊத்தாதீங்கப்பா, இன்னும் மழ விடலன்னு சொன்னேன். ஊத்திட்டாரு. பெரட்டு முடிஞ்சி மேமலைக்குக் கான் பாக்கப் போயிட்டாரு. ஒம்பதரைக்கு நான் போயி மறுபடி பாத்தேன். அறுவத்தொன்னு. கூட்டிப் பாத்தேன். அம்மாக்கிட்டப் போயி நூத்தம்பத்தேழு வருதும்மா, போயிருவோம்னு சொன்னேன். பிகில் ஊதலையேடின்னாங்க. நான் அழுதேன். அப்பறம், 'சரி, நீ தம்பியக் கூட்டிக்கிட்டு முன்னால போ, ஒல கொதிக்குது, அரிசியப் போட்டு எறக்கிட்டு வரேன்'னாங்க. நான் பைய எடுத்துக்கிட்டு வந்துட்டேன்."

தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் இருந்த ஈயைக் கையால் விரட்டினாள்.

"பக்கத்து வீட்டுத் தாத்தாகிட்டயும் சொன்னேன். அவரு சிரிச்சாரு."

வெள்ளிக்கிழமை ஒரு அதிகாரி படிவங்களோடு வந்தார். வாச்சரிடம் கொப்பியை வாங்கிப் பார்த்தார். மொழிபெயர்க்க அதிபர் என்னைக் கூப்பிட்டார். அதிகாரி நல்ல மனிதர். குரலைத் தாழ்த்தியே பேசினார். செவ்வாய் ஆறு மணி வாசிப்பு 96. சம்பவத்துக்கு முன் கடைசி வாசிப்பு, ஒன்பதரைக்கு மகள் பார்த்தது, 61. இரண்டும் தனித்தனிப் பெட்டியில் எழுதப்பட்டன. இரண்டுக்கும் எதிரே, "எச்சரிக்கை அளவுக்குக் கீழ்" என்ற கட்டத்தில் சரி அடையாளம் போடப்பட்டது. வாசிப்பு உரிய நேரத்தில், உரிய முறையில் எடுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு ஆம். மழை எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று கேட்க அந்தப் படிவத்தில் இடம் இருக்கவில்லை. அதை நான் சிங்களத்தில் சொன்னேன். அதிகாரி தாளைப் புரட்டிப் பார்த்தார். பின்பக்கத்தில் "வேறு குறிப்புகள்" என்று ஒரு வரி இருந்தது. அதில் எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை.

"உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை என்று சொல்லுங்கள்," என்றார் அதிகாரி. சொன்னேன். வாச்சர் தலையை ஆட்டினார். ஒப்பம் வைக்கச் சொன்ன இடத்தில் வைத்தார்.

சனிக்கிழமை நான் மண்டபத்துக்குப் போனது அவரோடு கதைப்பதற்காகத்தான். என்ன சொல்லவேண்டும் என்று பஸ்ஸில் மனதுக்குள் எழுதிப் பார்த்திருந்தேன். அவர் தரம் ஒன்று பிள்ளைகளின் குட்டைக் கதிரை ஒன்றில், முழங்கால் இரண்டும் உயர்ந்து நிற்க, வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நான் இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டேன். தொடங்குவதற்கு முன் அவரே கேட்டார்.

"டீச்சர், ஒன்னு கேக்கலாங்களா?"

"கேளுங்கோ அண்ணை."

"மக கொப்பியில ஒரு மார்க் கொறச்சிருந்தீங்கள்ல. அது எதுக்குங்க?"

"நான் கேட்ட கேள்விக்கு மேலயும் எழுதியிருந்தா. அதுக்கு."

"கூட்டினதுல பிழை இல்லைங்களா?"

"இல்லை."

"எழுத்து கிழுத்து?"

"அதுவும் இல்லை. அவ எழுதினது முழுக்கச் சரி. கேக்காததை எழுதக் கூடாது எண்டு நான் ஒரு சட்டம் வச்சிருந்தனான்."

அவர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"நான் பிழைன்னு நெனச்சிட்டேங்க," என்றார். "அன்னைக்கிக் காலையிலயும் சொன்னா. டீச்சரே மார்க் கொறச்சிருக்காங்க, நீ சும்மா இருன்னுட்டேன். அவ அம்மாகிட்டயும் அதத்தான் சொல்லியிருந்தேன். புள்ளைக்கு இன்னும் சரியா வரல, டீச்சர் திருத்தியிருக்காங்கன்னு."

"நான் வந்து உங்களோட கதைச்சிருக்க வேணும். அவவிட்ட அப்பிடித்தான் சொன்னனான்."

"சொன்னா. டீச்சர் வருவாங்கப்பான்னா." வாசலைப் பார்த்தார். "நீங்க பஸ்ஸ விட்டு எறங்கிக் கொடையும் பையுமா நனைஞ்சிக்கிட்டே போவீங்க. பாப்பேன். எங்கங்க நிக்கிறது அந்த மழையில?"

அந்த வார்த்தையில் குத்தல் இருக்கிறதா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இருக்கவில்லை. எழுதி வைத்திருந்த வேறெதையும் நான் சொல்லவில்லை. மண்டபத்தின் அந்தக் கோடியில் யாரோ அடுப்பு மூட்ட, புகை உள்ளே வந்தது. அவருடைய மகன் எழும்பி வந்து அவர் முதுகில் சாய்ந்தான். அவர் கையைப் பின்னால் கொடுத்து அவனைப் பிடித்துக்கொண்டார்.

"கொப்பி அவகிட்டத்தாங்க இருக்கு. பையோட வந்துருச்சு," என்றார். "நீங்க அத ஒன்னும் மாத்த வேணாம்."

"சரி," என்றேன்.

"திங்கக்கெழம ஸ்கூல் தொறக்குறாங்களாமே. நாங்க எப்பங்க இங்கருந்து எந்திரிக்கணும்?"

அதிபரிடம் கேட்டு வந்து சொன்னேன். திங்கட்கிழமை காலை ஏழரைக்கு மண்டபம் வகுப்புகளுக்குத் தேவைப்பட்டது. ஞாயிறு பின்னேரம் பதினொரு குடும்பங்களும் மூடிக்கிடந்த பழைய கொக்கோ ஸ்டோருக்கு மாறின.